அம்மாட கணக்கில இருந்து 3 லட்சத்துக்கு மேல போயிட்டு, "ஓடிபி குடுத்தது உங்கட பிழை" என்று வங்கி கைவிரிக்குது. அடுத்து என்ன செய்ற?

களுதாவளை_மகள்:

அண்ணாமார், அக்காமார், நானாமார், வங்கி விசயம் தெரிஞ்ச ஆராவது சொல்லுங்க.

அம்மாட சேமிப்புக் கணக்கு. கட்டாரில இருக்கிற தம்பி அனுப்புற காசு அதுக்குத்தான் வாறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவட ஃபோனுக்கு "உங்கள் பொதி தபால் நிலையத்தில் உள்ளது, முகவரி தவறு, 60 ரூபா செலுத்தவும்" என்று ஒரு எஸ்எம்எஸ். லிங்கை அமத்தினா தபால் திணைக்களத்திட சைட் மாதிரியே இருக்கு. டெபிட் கார்ட் விபரம் போட்டு, வந்த ஓடிபியையும் போட்டுட்டா. "பிழைச்சிட்டு, திரும்பப் போடுங்க" என்று காட்டினதால பிறகு வந்த ஓடிபியையும் போட்டிருக்கா.

போன காசு இது:

5.42 – வெளிநாட்டு சைட், கார்டால 38,400
5.44 – அதே சைட், கார்டால 41,250
6.10 – மொபைல் பேங்கிங்கால வேற வங்கிக்கு 95,000
6.12 – திரும்பவும் 95,000
7.05 – இன்னொரு கணக்குக்கு 60,000

அம்மா மொபைல் பேங்கிங் பாவிக்கிறதே இல்ல. 6.30க்கு ஹொட்லைனுக்கு எடுத்துச் சொன்னம். "கார்டை நிப்பாட்டிட்டம், திங்கள் கிளைக்குப் போங்க" என்றாங்க. கிளையில போனா ஓடிபி குடுத்ததால ஒண்டும் செய்ய ஏலாதாம், பொலிஸுக்குப் போகட்டாம். இப்ப முழுக் கணக்கையும் முடக்கிட்டாங்க, தம்பி அனுப்பின காசையும் எடுக்க ஏலாம இருக்கு. பொலிஸில கேட்டா இது கொழும்பு கேஸ் என்றாங்க.

காசு திரும்ப வருமா? கணக்கை எப்பிடித் திறக்கிற?

கவுண்டருக்குப்_பின்னால:

தங்கச்சி, "3 லட்சம் போயிட்டு" என்று ஒரே முறைப்பாடா எழுதாதீங்க. அப்பிடி எழுதினா வங்கியும் "ஓடிபி" என்ற ஒரே பதிலில முடிச்சிரும். உங்கட கையில இருக்கிறது மூண்டு வேற வேற விசயம். மூண்டுக்கும் பாதை வேற, பலமும் வேற.

முதல் ரெண்டும் கார்ட் கொடுப்பனவு. இதுக்கு வீசா, மாஸ்டர்கார்ட் விதிப்படி சார்ஜ்பேக் என்று ஒரு வழி இருக்கு. வங்கி போய் வியாபாரிட வங்கியிட்டக் காசைத் திருப்பிக் கேட்கும். மோசடி என்றால் பொதுவா 120 நாளுக்குள்ள போடணும், அதனால பிந்த வேணாம். இங்க கேட்க வேண்டிய கேள்வி ஒண்டுதான்: அந்த 38,400ம் 41,250ம் ஓடிபி கேட்டுத்தான் போனதா, கேட்காமலே போனதா? வெளிநாட்டு சைட் எத்தினையோ கார்ட் நம்பரும் பின்னால உள்ள 3 இலக்கமும் இருந்தா ஓடிபி இல்லாமலே காசை எடுக்கும். அப்பிடிப் போயிருந்தா பொறுப்பு வியாபாரிட பக்கம், சார்ஜ்பேக் பெரும்பாலும் வெல்லும். ஓடிபியோட போயிருந்தா பொறுப்பு கார்ட் தந்த வங்கிட தலைக்கு மாறும், அந்த நேரம்தான் அவங்க "நீங்க கவனயீனம்" என்று உங்களுக்குத் தள்ளப் பார்ப்பாங்க. ஒண்டில ஓடிபி கேட்டு மற்றதில கேட்காமலும் இருந்திருக்கலாம். ஒவ்வொண்டுக்கும் தனித்தனியாக் கேளுங்க, எழுத்தில.

கார்ட் கொடுப்பனவு இன்னும் "நிலுவை" என்று காட்டினா, அது கணக்கில முழுசாப் பதிவாகும் வரைக்கும் சார்ஜ்பேக் போட ஏலா. "நிலுவையில இருக்கு, பிறகு வாங்க" என்று சொன்னா அது உண்மைதான். ஆனா ஃபோர்மை இப்பவே குடுத்து, வாங்கின திகதியோட சீல் அடிச்ச பிரதி ஒண்டு எடுத்து வைங்க.

ரெண்டாவது, 95,000 ரெண்டும். இது லங்காபேயிட செஃப்ட்ஸ், அதாவது வங்கிக்கு வங்கி உடனே காசு மாத்துற முறை, அது வழியாப் போற காசு. அமத்தின உடனே அங்க வரவாகிரும், அனுப்பின வங்கி தன்பாட்டில திருப்பி எடுக்க ஏலா. செய்யக்கூடியது, உங்கட வங்கிட மோசடிப் பிரிவு மற்ற வங்கிட மோசடிப் பிரிவுக்கு எடுத்து "இந்தக் காசை மறிச்சு வைங்க" என்று கேட்கிறது. அங்க மிச்சம் இருந்தா மறிப்பாங்க. மறிச்ச காசு திரும்பி வர, அந்தக் கணக்குக்காரர் சம்மதிக்கணும், இல்லாட்டி நீதவான் கட்டளை வேணும். கள்ளன்மார் இதுக்கென்று ஆக்களிட கணக்கை வாடகைக்கு எடுத்து, காசு விழுந்த கையோட ஏடிஎம்மில இழுத்துருவாங்க. அதனால மறிப்புக் கோரிக்கை எத்தினை மணிக்குப் போனது என்பதுதான் எல்லாம். 6.30க்கு நீங்க சொன்னதுக்குப் பிறகு எத்தினை மணிக்கு அதை அனுப்பினாங்க என்று வங்கியைக் கேளுங்க. திங்கட்கிழமைதான் அனுப்பினாங்க என்றால் அது உங்கட முறைப்பாட்டில ஒரு தனிப் பந்தி.

மூண்டாவது 7.05க்குப் போன 60,000. இதுதான் உங்கட பலமான இடம். வங்கிக்கு 6.30க்குத் தெரியும். கார்டை மட்டும் நிப்பாட்டிட்டு மொபைல் பேங்கிங்கைத் திறந்து விட்டிருக்காங்க. கார்ட் நிப்பாட்டினா ஒன்லைன் வழி தானா நிக்காது, ரெண்டும் வேற சிஸ்டம். "மோசடி" என்று வாடிக்கையாளர் சொன்ன பிறகு எல்லா வழியையும் மூடிறது ஹொட்லைனில இருக்கிறவர்ட வேலை. அம்மாவுக்குத் தந்த நிபந்தனைப் புத்தகத்தைப் பாருங்க, "வங்கிக்கு அறிவிக்கும் வரை பொறுப்பு வாடிக்கையாளருடையது" என்ற மாதிரி ஒரு வசனம் பெரும்பாலும் இருக்கும். அப்ப அறிவிச்சதுக்குப் பிறகு ஆர் பொறுப்பு என்று அந்த வசனத்தை வைச்சே கேளுங்க.

களுதாவளை_மகள்:

மெத்தப் பெரிய உதவி அண்ணா. கிளையில ஒரு ஃபோர்ம் தந்தவங்க, முழுக்க இங்கிலீஷ். நிரப்பிக் குடுக்கவா?

கவுண்டருக்குப்_பின்னால:

குடுக்கத்தான் வேணும். ஆனா அதில சின்னச் சின்னக் கட்டம் இருக்கும், அங்கதான் நிறையப் பேர் மாட்டுற. ஒரு கட்டம் "இந்தக் கொடுப்பனவை நான் செய்யவுமில்லை, அனுமதிக்கவுமில்லை" என்று சொல்லும். இன்னொண்டு "நான் செய்தேன், ஆனால் தொகை பிழை" என்ற மாதிரி வரும், மற்றது "செய்தேன், பொருள் கிடைக்கவில்லை". அம்மா 60 ரூபா கட்டப் பார்த்தவதானே என்று ரெண்டாவதைப் போட்டா, மோசடி என்ற வழியே அடைபட்டுப் போயிரும். அவ 38,400க்கு ஒத்துக்கொள்ளவே இல்ல. முதல் கட்டம்தான்.

கீழ "வாடிக்கையாளர் ஓடிபியை வெளியிட்டதை ஏற்கிறார்" என்று ஒரு வரி இருந்தா அதை அப்பிடியே விட்டுட்டுக் கையெழுத்து வைக்க வேணாம். பொய் எழுதவும் வேணாம். பக்கத்தில கையால எழுதுங்க: "தபால் திணைக்களம் போல் அமைந்த போலித் தளத்தில் 60 ரூபா செலுத்துவதாக நம்பி உள்ளிடப்பட்டது." தமிழில எழுதலாம். மத்திய வங்கிட 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இருக்கு, வாடிக்கையாளருக்கு விளங்கிற மொழியில விபரம் குடுக்கணும் என்று கேட்க அது காணும்.

முடக்கின கணக்கைப் பற்றி: கார்டையும் ஒன்லைனையும் நிப்பாட்டிறது வேற, கணக்கையே முடக்கிறது வேற. மோசடிக்குப் பிறகு பாதுகாப்புக்கென்று ரெண்டையும் சேர்த்துச் செய்திருவாங்க. அம்மா தன்ட அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் கொண்டு நேரில போய், "கார்ட், மொபைல், ஒன்லைன் மூண்டும் மூடியே இருக்கட்டும், கவுண்டரில நான் கையெழுத்து வைச்சு எடுக்கிறதுக்கு மட்டும் திறந்து விடுங்க" என்று முகாமையாளருக்குக் கடிதம் குடுக்கட்டும். ஏலாது என்றால், முடக்கினதுக்குக் காரணம் என்ன, ஆர்ட கட்டளை என்று எழுத்தில கேட்கணும். அவ பாதிக்கப்பட்ட ஆள், சந்தேக நபர் இல்ல. தம்பிக்குச் சொல்லி அடுத்த மாசக் காசை வேற கணக்குக்குப் போடச் சொல்லுங்க.

மட்டுநகர்_சட்டம்:

பொலிஸ் விசயம் நான் சொல்றன். "கொழும்பு கேஸ்" என்று திருப்பி விட விடாதீங்க. கணினிக் குற்ற விசாரணைப் பிரிவு கொழும்பில இருக்கிறது உண்மை, விசாரணை அங்க போகலாம். ஆனா முறைப்பாட்டை உங்கட பிரதேசப் பொலிஸ் நிலையம் பதியணும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம், 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க கொடுப்பனவுச் சாதன மோசடிச் சட்டம் ரெண்டும் இதுக்குப் பொருந்தும், இலக்கத்தைத் தாளில எழுதிக் கொண்டு போங்க.

கதைச்சுச் சொன்னா அரைப் பக்கத்தில "வங்கிக் காசு காணாமல் போனது" என்று எழுதிருவாங்க. நீங்களே தமிழில ஒரு பக்கம் எழுதி, வங்கிக் கூற்றோட சேர்த்து, இதை முறைப்பாட்டோட இணைக்கச் சொல்லுங்க. அம்பாறைப் பக்கம் சில நிலையங்களில வாக்குமூலத்தைச் சிங்களத்தில எழுதிக் கையெழுத்துக் கேட்பாங்க. வாசிக்கத் தெரியாத தாளில அம்மா கையெழுத்து வைக்கப்படாது, தமிழில எழுதக் கேட்கிறது அவட உரிமை. முறைப்பாட்டு இலக்கமும் பிரதியும் எடுக்காம வெளிக்கிட வேணாம்.

காசு போன கணக்கு ஆர்ட என்று வங்கி உங்களுக்குச் சொல்லாது, 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில இரகசியக் காப்பு இருக்கு. அதில சண்டை பிடிச்சு நேரத்தை விடாதீங்க. பொலிஸ் நீதவான் ஊடாக அதை எடுக்கும். 95,000 மறிபட்டு நிக்குது என்று தெரிஞ்சா, அந்தக் கட்டளைக்கு விண்ணப்பிக்கச் சொல்லிப் பொலிஸைத் தொடர்ந்து கேளுங்க, தன்பாட்டில நடக்காது.

வங்கிட இறுதிப் பதில் எழுத்தில வந்ததும், இல்லாட்டி பதிலே வராம இழுத்தா, மத்திய வங்கிட நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம். 1935க்கு எடுக்கலாம், ஆனா முறைப்பாட்டைக் கடிதமாப் பதிவுத் தபாலில இலக்கம் 30, சனாதிபதி மாவத்தை, கொழும்பு 01க்கு அனுப்புங்க. அவங்க முதல் கேட்கிறது "வங்கிக்கு முறைப்பாடு செய்தீங்களா, பதில் எங்க" என்றுதான். அடுத்தது நிதியியல் ஒம்புட்ஸ்மன், வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்கைப் பார்க்கிறவர், கட்டணம் இல்ல. நீதிமன்றத்தில வங்கிக்கு எதிரா வழக்குப் போட்டுட்டா இந்த ரெண்டு வழியும் பொதுவா மூடுபட்டுரும், அதனால வழக்கு கடைசி. பொலிஸ் முறைப்பாடு வழக்காகாது, அதுக்குப் பயப்பட வேணாம்.

சாய்ந்தமருது_நானா:

தங்கச்சிட இழைக்குள்ள வாறதுக்கு மன்னிக்கணும், இது மற்றப் பக்கத்துக் கேள்வி. எங்கட மச்சான்ட கணக்குக்குத் தெரியாத ஒரு ஆளிட 80,000 வந்திருக்கு. "பிழையா வந்திட்டு, இந்த நம்பருக்கு ஈஸி கேஷ் பண்ணுங்க" என்று, ஃபோனால காசு அனுப்பச் சொல்லி ஒருத்தன் எடுக்கிறான். அனுப்புறதா?

மட்டுநகர்_சட்டம்:

அனுப்பவே வேணாம் நானா. அது தங்கச்சிட அம்மா மாதிரி ஒரு ஆளிட காசா இருக்கும். மச்சான் வேற நம்பருக்கு அனுப்பினா, களவெடுத்த காசைக் கைமாத்தினவர் என்று அவர்தான் பொலிஸில நிக்க வேண்டி வரும். காசைத் தொடாம, இன்றைக்கே தன்ட வங்கிக்கு எழுத்தில அறிவிச்சு, வந்த வழியே வங்கி ஊடாகத் திருப்பச் சொல்லட்டும். எடுத்தவன்ட நம்பரையும் அந்தக் கடிதத்தில போடட்டும்.

ஃபோன்_கல்முனை:

ஃபோன் பக்கம் ஆரும் சொல்லேல்ல. அந்த எஸ்எம்எஸ், ஓடிபி எஸ்எம்எஸ், வங்கி அறிவிப்பு ஒண்டையும் அழிக்காதீங்க. பயத்தில ஃபோனை ரீசெட் பண்றதுதான் கூட நடக்கிற பிழை, சாட்சி எல்லாம் போயிரும். திகதி, நேரம், அனுப்பின பெயர் தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுங்க. லிங்கைத் திரும்ப அமத்தாம, விரலை அழுத்திப் பிடிச்சு கொப்பி பண்ணி முகவரியை எழுதுங்க. எனிடெஸ்க் மாதிரி திரையைப் பார்க்கிற ஆப் ஏதும் இருக்கா என்றும் பாருங்க, இருந்தா டேட்டாவை நிப்பாட்டி, படம் எடுத்துட்டு நீக்குங்க.

ஓடிபி எஸ்எம்எஸ்ஸைச் சொல்லுக்குச் சொல் வாசிங்க. தொகையும் கடைப் பெயரும் போட்டிருந்தா அது கொடுப்பனவு ஓடிபி. மொபைல் பேங்கிங் பதிவுக்கு வந்த ஓடிபியில "புதிய சாதனத்தைப் பதிய" என்று இருக்கா, இல்லாட்டி வெறும் 6 இலக்கம் மட்டும்தானா? எதுக்கு என்றே சொல்லாத எஸ்எம்எஸ் என்றால் அதையும் முறைப்பாட்டில வைங்க. தபால் லிங்கை இலங்கை சேர்ட்டுக்கு (இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற அரச நிறுவனம்) 101இல சொல்லலாம், சைட்டை இறக்கிறதுக்கு அவங்க பார்ப்பாங்க.

இன்னொண்டு. "கணினிக் குற்றப் பிரிவில இருந்து கதைக்கிறம், உங்கட காசைப் பிடிச்சிட்டம், 15,000 கட்டினா விடுவிப்பம்" என்று வட்ஸ்அப்பில எடுப்பாங்க. ஒருக்கா ஏமாந்த நம்பரை அவங்க கைமாத்துவாங்க. அம்மாவுக்கு இப்பவே சொல்லி வைங்க.

களுதாவளை_மகள்:

எஸ்எம்எஸ்ஸைப் பார்த்தன் அண்ணா. 5.42க்குத் தொகையோட ஒண்டு வந்திருக்கு. 5.44க்கு ஓடிபியே இல்ல. 5.58க்கு வந்ததில இங்கிலீஷில வெறும் நம்பர் மட்டும்தான், எதுக்கென்று இல்ல. 7.05 விசயத்தைக் கடிதத்தில எப்பிடி எழுதுற?

கவுண்டருக்குப்_பின்னால:

அப்ப 41,250 ஓடிபி இல்லாமப் போயிருக்கு, சார்ஜ்பேக்கில அதைத் தனியாப் போடுங்க. 5.58தான் மொபைல் பேங்கிங் திறந்த நேரமா இருக்கணும். கடிதத்தில இப்பிடி எழுதுங்க, அழுது எழுத வேணாம், நேரம் மட்டும் பேசட்டும்:

"எனது பெயரில் மொபைல் வங்கிச் சேவைக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. அது பதியப்பட்ட திகதி, நேரம், சாதனம், அதற்கு அனுப்பிய எஸ்எம்எஸ்ஸின் வாசகம் ஆகியவற்றை எழுத்தில் தரவும். அன்று மாலை 6.30க்கு உங்கள் ஹொட்லைனுக்கு எனது மகள் மோசடியை அறிவித்தார். அந்த அழைப்பின் ஒலிப்பதிவைப் பாதுகாத்து வைக்கவும். அறிவித்த பின்னர் 7.05க்கு ரூபா 60,000 சென்றுள்ளது. அறிவித்த பின்னரும் அச்சேவை திறந்திருந்தமைக்கான காரணத்தைத் தந்து, அத்தொகையை எனது கணக்கில் வரவு வைக்கவும்."

ஒலிப்பதிவு வரியை விட்டிராதீங்க. அழைப்புப் பதிவுகளைக் காலம் போக அழிச்சிருவாங்க, முன்னமே எழுத்தில கேட்டிருந்தா "இல்லை" என்று சொல்றது அவங்களுக்குக் கஷ்டம். உங்கட ஃபோனில 6.30 அழைப்புக் காட்டுற பக்கத்தையும் எத்தினை நிமிசம் கதைச்சீங்க என்றதோட படம் எடுத்து இணைங்க. ஒரு பிரதி கிளைக்கு, மற்றது தலைமையகத்திட முறைப்பாட்டுப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில. கிளையில இருக்கிறவங்களுக்கு இதில முடிவெடுக்கிற அதிகாரம் இல்ல, அவங்களோட கோபப்பட்டு வேலையில்ல, சீலை மட்டும் வாங்குங்க.

களுதாவளை_மகள்:

நாளைக்கே குடுக்கிறன். முறைப்பாட்டு இலக்கம் கிடைச்சதும் இதுக்குள்ள போடுறன்.

மட்டுநகர்_சட்டம்:

இலக்கத்தைப் பொதுவில போட வேணாம் தங்கச்சி, அதை வைச்சே வங்கி ஆள் மாதிரி எடுப்பாங்க. வங்கிட பதிலில காரணம் என்ன சொல்லியிருக்கு என்றதை மட்டும் எழுதுங்க, மிச்சத்தைப் பார்ப்பம்.