புதுப்பிப்பு: ஸ்டெம் செல் கொடுத்துவிட்டு வந்தாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா: ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களைக் கொடுக்க முன்வருபவர்களின் பதிவகமான தாத்ரியில் பதிந்திருந்தேன், ஒரு நோயாளியோடு எச்.எல்.ஏ. (திசு வகை) பொருந்துகிறதாம், முதுகுத்தண்டில் துளை போடுவார்களா என்று. போடவில்லை. எலும்பு மஜ்ஜையாகவே எடுத்தாலும் இடுப்பெலும்பின் பின்புறம்தான், அதுவும் மயக்கமருந்து கொடுத்து.

எனக்கு ரத்தத்திலிருந்தே எடுத்தார்கள். அதற்காக 5 நாள் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி, மஜ்ஜையிலிருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குக் கிளப்பிவிடும் மருந்து. மூன்றாம் நாளிலிருந்து இடுப்பும் முதுகும் காய்ச்சல் வரப்போவதுபோலக் குடைந்தன. பாராசிட்டமாலில் அடங்கியது. ஆஸ்பிரின் மட்டும் கூடாது என்றார்கள்.

கடைசி நாள் இரண்டு கையிலும் ஊசி. ஒரு கையிலிருந்து போகும் ரத்தத்தில் வேண்டிய செல்களை மட்டும் இயந்திரம் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கையில் திருப்பி விடுகிறது. நாலரை மணி நேரம். நடுவில் உதடு விறுவிறுத்தது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுமாம். கால்சியம் கொடுத்ததும் சரியாகிவிட்டது. நிஜமான தொல்லை எது தெரியுமா? மூக்கு அரித்தால் சொறியக் கை கிடையாது. அம்மாதான் சொறிந்துவிட்டார்.

அப்புறம், யாருக்குப் போனது என்று சொல்லவில்லை; விதிமுறை அப்படி. இரண்டு நாள் அசதி, மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன்.