போலரைசிங் ஃபில்டர்: ‘தளவொளி வடிப்பான்’ என்னும் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். லென்சின் முன்னால் மாட்டிப் பளபளப்பைக் குறைக்கவும் வானத்தின் நீலத்தைக் கூட்டவும் உதவும் போலரைசிங் ஃபில்டருக்கு, ஒளிப்படக் கையேட்டில் இடவேண்டிய தமிழ்ப் பெயராக இவ்விழையில் இதுவரை வந்துள்ள ‘முனைவாக்க வடிகட்டி’, ‘தளவிளைவாக்கி’, ‘தளவடிப்பான்’ ஆகிய மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். சொல்லின் ஓசையையும் நீளத்தையும் வைத்து முடிவெடுப்பதைவிட, அகலக்கோண லென்சுக்கு இந்த ஃபில்டரை வாங்க நினைப்பவர் அதிலிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைச் சொல் மறைக்காமல் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பது நல்லது. இந்த ஃபில்டர் ஏமாற்றம் தருவது பெரும்பாலும் அகலக்கோண லென்சுகளில்தான்.

‘முனைவாக்கம்’ வேண்டாம் என்பது என் கருத்து. 1808ஆம் ஆண்டில் பாரிசில் எத்தியேன் லூயி மாலுசு என்பவர், லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல் கண்ணாடிகளில் பட்டு வந்த வெயிலைக் கால்சைட் படிகம் ஒன்றின் வழியே பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப, அதில் தெரிந்த இரட்டைப் பிம்பங்களின் ஒளிர்வு மாறி மாறிக் கூடுவதையும் குறைவதையும் கண்டார். ஒளி துகள்களால் ஆனது என்றும், காந்தத்துக்கு இருப்பதுபோல அத்துகள்களுக்கும் முனைகள் உண்டு என்றும் கருதியே அவர், முனையைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘போலரைசேஷன்’ என்பதன் பிரெஞ்சு வடிவத்தைப் பெயராக இட்டார். ஒளி குறுக்கலை (செல்லும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலை) என்பதைப் பின்னர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெல் நிறுவிய பிறகும் ஐரோப்பிய மொழிகளில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. கைவிடப்பட்ட அந்த உவமையை நாமும் தமிழில் சுமக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் பாடநூல் ஒளி ஒரே தளத்தில் அதிரும்படி ஆவதற்குத் ‘தளவிளைவு’ என்றும், மின்காப்புப் பொருள்களில் நிகழ்வதற்கு ‘மின்முனைவாக்கம்’ என்றும் பிரித்தே வழங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவர்கள் அறிந்த இந்தப் பிரிவினையைக் கலைப்பதால் பயன் எதுவும் இல்லை.

‘தளவிளைவாக்கி’ இயற்பியலில் சரியான சொல். லென்சின் முன்னால் வைக்கும்போது அது பாதிப் பிழையாகிறது. ஒளிப்படக்காரர் இந்த ஃபில்டரைத் தேடுவது, ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிரும்படி ஆகிவிட்ட ஒளியை நீக்குவதற்கு. அந்த ஒளியை ஆக்குவன வானமும் நீரும் இலையும் கண்ணாடியும். காற்றின் மூலக்கூறுகள் சிதறடித்து அனுப்பும் வானொளி, சூரியனிலிருந்து 90 பாகை விலகிய திசையில் மிகுதியாகத் தளவிளைவு அடைந்திருக்கும். நீர்ப்பரப்பில் ஏறத்தாழ 53 பாகையிலும் கண்ணாடியில் ஏறத்தாழ 56 பாகையிலும் (செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்தால்) பட்டுத் திரும்பும் ஒளி முழுமையாகவே தளவிளைவு அடைகிறது; இதைத்தான் ப்ரூஸ்டர் விதி என்று படித்தோம். வெறும் உலோகப் பரப்பின் பளபளப்பில் இது நிகழ்வதில்லை. ஆகவே பித்தளைக் குத்துவிளக்கின் மினுக்கத்தைக் குறைக்க இந்த ஃபில்டரை எவ்வளவு திருகினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. பாடநூலின் சொற்களிலேயே சொன்னால், இங்கே தளவிளைவாக்கியின் வேலையை இயற்கை செய்துவிடுகிறது. நம் கையில் இருப்பது, அப்படி ஆன ஒளியைத் திருகித் தடுக்கும் தளவிளைவு ஆய்வி.

‘தளவடிப்பான்’ இந்தக் குறையைத் தாண்டுகிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் இணையதளத்தைத் தளம் என்றே எழுதிப் பழகிய நம் வாசகர் அதை, வேண்டாத தளங்களை முடக்கும் மென்பொருள் என்றுதான் முதலில் வாசிப்பார். எனவே ‘தளவொளி வடிப்பான்’ என்பதை முன்வைக்கிறேன். ஒரே தளத்தில் அதிரும் ஒளி தளவொளி; அதை வடித்து விலக்குவது தளவொளி வடிப்பான். தளவொளி இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. வடிகட்டி, வடிப்பான் இரண்டில் எதை வைத்தாலும் எனக்கு மறுப்பில்லை. முந்தையது காபியை நினைவூட்டுகிறது என்ற நண்பரின் தயக்கம் எனக்கும் உண்டு.

அகலக்கோண லென்சில் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குக் கையேட்டில் ஓர் எடுத்துக்காட்டு அவசியம். தஞ்சைப் பெரிய கோயிலின் முற்றத்தில் விமானத்துக்குத் தென்கிழக்கே, சூரியன் எழுந்த சிறிது நேரத்தில் நின்று, வடமேற்கே விமானத்தை நோக்கி 16 மி.மீ. லென்சைத் திருப்புவதாகக் கொள்வோம். முழுச் சட்ட உணரியில் (36 × 24 மி.மீ. அளவுள்ளது) அந்த லென்சு கிடைமட்டமாக ஏறத்தாழ 97 பாகையைப் பிடிக்கும். அதாவது படத்தின் இடது ஓரம் நேர்மேற்கையும் வலது ஓரம் நேர்வடக்கையும் சற்றே தாண்டியிருக்கும். சூரியன் கிழக்கே இருப்பதால் வடக்கு வானம் தளவொளி மிக்கது. சூரியனுக்கு நேரெதிரான மேற்கு வானத்தில் அது மிகக் குறைவு. வடிப்பானை முழு விளைவு தெரியும்வரை திருகினால் விமானத்தின் வலப்புறம் வானம் கருநீலமாகவும், இடப்புறம் வெளிறியும், தலைக்கு மேலே மீண்டும் கருத்தும் போகும். மை கொட்டிய வேட்டிபோல் இருக்கும் அந்த வானத்தைப் பின்னர் கணினியில் சமன் செய்வது எளிதன்று. 50 மி.மீ. லென்சில் கிடைமட்டக் கோணம் 40 பாகைதான் என்பதால் அதே இடத்தில் இந்த வேறுபாடு பெரிதாக உறுத்தாது.

இது வடிப்பானின் தரக்குறைவு அன்று. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதே வானம்தான் வரும். கடையில் இதைச் சொல்வார் அரிது. என் மதிப்பீட்டில், அகலக்கோண லென்சில் இதன் உண்மையான பயன் வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது: மழை நின்ற காட்டின் ஈர இலைகள், ஓடைக்குள் கிடக்கும் கூழாங்கற்கள், அருவியின் நனைந்த பாறைகள். சட்டத்தில் வானம் குறைவாகவோ மேகமூட்டமாகவோ இருக்கும் இத்தகைய காட்சிகளில், வெண்மையான பளபளப்பு நீங்கிப் பச்சையும் செம்மையும் தெளியும். அங்கும் ஒரு வரம்பு உண்டு. காலடியில் உள்ள நீரை நாம் ஏறத்தாழ மேலிருந்து பார்க்கிறோம், தொலைவில் உள்ள நீரைச் சாய்வாகப் பார்க்கிறோம்; ஆகவே ஓடையின் நடுப்பகுதி தெளிந்தும் மற்றப் பகுதிகள் மினுங்கியும் வருவது இயல்பு. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது) ஒளி குறையும் என்பதையும் சேர்த்துக் குறிப்பிட்டுவிடலாம்.

அடுத்து, கடைகளில் இந்த ஃபில்டருக்கு வழங்கும் ‘சிபிஎல்’ (சர்குலர் போலரைசர்) என்ற பெயர். இதன் முதல் எழுத்துக்கு நேராக ‘வட்ட’ என்று வைத்தால் சதுர வடிப்பானும் உண்டே என்ற கேள்வி வரும். வட்டம் என்பது கண்ணாடியின் வடிவம் என்று நம்பி வாங்கும் பலரை ஏற்கெனவே பார்க்கிறோம். ‘சுழல்’ என்று வைத்தால், வளையத்தைக் கையால் சுழற்றுவதால் வந்த பெயர் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் இருக்கிறது. தளவொளியை வடித்த பின், மீதி ஒளியைக் கால் அலைத் தகடு ஒன்றின் வழியே அனுப்பி, அதன் அதிர்வுத் தளம் சுழன்றுகொண்டே இருக்கும்படி செய்கிறார்கள். எஸ்எல்ஆர் கேமராவில் (லென்சின் ஒளியை உள்ளிருக்கும் ஆடி வழியே காட்டும் கேமரா) உள்ள, பாதி ஒளி ஊடுருவும் ஆடி, ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சீராகப் பிரிக்காது. அதனால் ஒளியளவீடும் தானியங்கிக் குவியமும் தடுமாறும். அதைத் தவிர்க்கவே இந்தத் தகடு. எல்சிடி கணினித் திரை ஒன்றின் முன் வடிப்பானைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தால் இது புலப்படும்: முன்பக்கம் திரையை நோக்கியிருந்தால் திரை ஒரு நிலையில் கருத்துப்போகும், பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் நிறம் சற்றே மாறுமே தவிர, முழுவதும் கருக்காது.

இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த வகைதான் என்பதால், அடைமொழியே இல்லாமல் ‘தளவொளி வடிப்பான்’ என்று இதையே குறிக்கலாம். அரிதாகக் கிடைக்கும் பழைய வகைக்கு மட்டும் ‘தகடிலா’ என்ற அடையைச் சேர்க்கலாம். அந்த ஆடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் அந்தப் பழைய வகையும் பொதுவாகத் தொல்லையின்றி வேலை செய்யும்.

லென்சின் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘விரிகோண வில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பள்ளிக் கணக்கில் விரிகோணம் என்பது 90 பாகைக்கு மேற்பட்டது. 24 மி.மீ. லென்சு மூலைவிட்டத்தில் அளந்தாலும் 84 பாகையைத்தான் காட்டும், 35 மி.மீ. லென்சோ 63 பாகை. அகலக்கோணம் என்று சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. வில்லையா லென்சா என்பதில் நான் லென்சின் பக்கம். மருந்துக் கடையில் வில்லைக்கு வேறு பொருள் இருக்கிறது.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று வளையத்தின் தடிமன். சுழலும் பகுதி இருப்பதால் இது மற்ற வடிப்பான்களைவிடத் தடித்தது. மிக அகன்ற கோணத்தில் வளையத்தின் விளிம்பே படத்தின் மூலைகளில் விழுந்து கருக்கும். இதற்கு ‘மூலை இருட்டு’ என்பதே போதும். மெலிந்த வளையம் வாங்கலாம். ஆனால் சிலவற்றில் முன்பக்க மரை இருக்காது, லென்சு மூடி பிடிக்காது. 77 மி.மீ. லென்சுக்கு 82 மி.மீ. வடிப்பானை வாங்கி, அளவு கூட்டும் வளையத்தின் மேல் பொருத்துவது எனக்கு உகந்த வழியாகத் தெரிகிறது. யுவி ஃபில்டர் ஏற்கெனவே இருந்தால் அதைக் கழற்றிவிட்டே மாட்ட வேண்டும். எஸ்எல்ஆருக்கான நிக்கான் 14-24 மி.மீ. எஃப்/2.8 போன்ற, முன்கண்ணாடி குவிந்து புடைத்த லென்சுகளில் மரையே கிடையாது. அவற்றுக்குத் தனித் தாங்கியும் பெரிய சதுரக் கண்ணாடியும் வேண்டும். மேற்சொன்ன வானத்தை நினைத்தால் அந்தச் செலவு தேவையா என்று வாங்குபவர் யோசிக்கட்டும்.

‘தளவொளி’ என்ற சொல்லை இயற்பியல் ஆசிரியர்கள் ஏற்பார்களா என்பதே எனக்கு மிஞ்சியுள்ள ஐயம். குழுவில் பாடம் நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். பாடநூலின் ‘தளவிளைவு அடைந்த ஒளி’ என்பதற்குச் சுருக்கமாக இதை வகுப்பில் சொன்னால் மாணவர்களுக்குக் குழப்பம் வருமா என்று எழுதுங்கள். வராது என்றால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.