சி பிளாக் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டைஸ் உருட்டி ஆடுற கதை விளையாட்டு) குரூப்: புது கேம்பெயினுக்கு ஹவுஸ் ரூல்

சுந்தர் (டிஎம், ஆட்டத்தை நடத்துறவர்): எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை புது கேம்பெயின் (தொடர் கதை) ஆரம்பம். லெவல் 1, 2014-ல வந்த ரூல் புக்குகள். ஹவுஸ் ரூல் (புக்குல இல்லாம நாமளே வச்சுக்கிற ரூல்) எல்லாத்தையும் இங்கயே பேசி முடிச்சிடுவோம். சண்டைக்கு நடுவுல ஆரம்பிச்சா அரைமணி நேரம் அதுலயே போயிடும். என்ன வேணும்னு மட்டும் இல்லாம ஏன் வேணும்னும் சொல்லுங்க.

அருண்: அண்ணா, கிரிட்டுக்கு (அடிக்க உருட்டுற 20 பக்க டைஸ்ல 20 விழுறது, அதுதான் நாட் 20) மேக்ஸ் பிளஸ் ரோல் வேணும். புக்குப்படி டேமேஜ் டைஸை ரெண்டு மடங்கா உருட்டுறோம். கிரேட்ஸ்வார்டுக்கு 4டி6 (ஆறு பக்க டைஸ் நாலு) உருட்டி 1, 1, 2, 1 விழுந்தா மொத்தம் 5. சாதாரண அடிக்கே சராசரி 7. நாட் 20 போட்டும் அடி சப்புன்னு போயிடுது.

நிவேதா: நானும் அதுக்குத்தான் ஓட்டு. ஒரு செட்டுக்கு முழு மதிப்பு, இன்னொரு செட்டை உருட்டணும். 12 + 2டி6, சராசரி 19. புக்குப்படி 14 தான்.

மீனா அக்கா: மான்ஸ்டருக்கும் இதே ரூலா?

அருண்: ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாத்தானே அக்கா நியாயம்.

மீனா அக்கா: அப்போ கணக்கைப் பாருடா தம்பி. லெவல் 1 விஸார்டுக்கு (மந்திரவாதி) 6 + கான்ஸ்டிடியூஷன் (உடல் வலு) 2, மொத்தம் 8 ஹெச்பி (உயிர்ப் புள்ளி). ஓர்க்கோட (ஒரு மான்ஸ்டர்) கிரேட்ஆக்ஸ் 1டி12+3. உன் ரூல்ல கிரிட் விழுந்தா 12 + 1டி12 + 3, குறைஞ்சபட்சமே 16. எட்டு போய் ஜீரோ, மிச்சம் எட்டு. மிச்சம் மேக்ஸ் ஹெச்பிக்குச் சமமா இருந்தாலே நேரா சாவு, டெத் சேவே (ஜீரோ ஹெச்பியில விழுந்தவர் டர்னுக்கு ஒண்ணு உருட்டுறது, மூணு சக்சஸ்னா பிழைப்பார், மூணு ஃபெயில்னா சாவு) கிடையாது. ஆக, முழு ஹெச்பியில நிக்கிற விஸார்டு மேல ஓர்க் கிரிட் அடிச்சா நூத்துக்கு நூறு சாவு.

நிவேதா: புக்குப்படின்னா எவ்வளவு?

மீனா அக்கா: 2டி12-ல 13 இல்ல அதுக்கு மேல விழணும். 144-ல 78 வழி, 54%. அதுவே கொடுமைதான். ஆனா பாதிக்குப் பாதி பிழைக்க வழி இருக்கு.

ஃபாரூக் பாய்: மீனா சொல்றதுல இன்னொண்ணும் இருக்கு. ஓர்க் ஒரு சண்டைக்கு வருது, மூணு ரவுண்டுல செத்துடுது. அது மேல கிரிட் விழுந்தா என்ன, விழலைன்னா என்ன. நம்ம கேரக்டர் கேம்பெயின் முழுக்க அடி வாங்குது. அதனால எந்த ரூல் அடியோட ஏற்ற இறக்கத்தைப் பெருசாக்குதோ, அது கடைசியில பிளேயர் தலையிலதான் விடியும்.

அருண்: சரி பாய், அப்போ பிளேயருக்கு மட்டும் வச்சுக்கலாமே.

ஃபாரூக் பாய்: அதுலயும் எல்லாருக்கும் ஒரே லாபம் இல்லப்பா. 2014-ல பாலடின் (புனித வீரன்) கிரிட் விழுந்ததைப் பார்த்துட்டே ஸ்மைட் (மந்திர ஸ்லாட்டைச் செலவழிச்சு அடியைக் கூட்டுறது) போடலாம். லெவல் 5, ஸ்ட்ரெங்த் +4, ரெண்டாம் லெவல் ஸ்லாட்னா புக்குப்படி 4டி6 + 6டி8 + 4, சராசரி 45. உன் ரூல்ல 60-ஐத் தாண்டும். ரோக்கோட (திருடன்) ஸ்னீக் அட்டாக் கூடுதல் டைஸும் அப்படியே ஏறும். ஒரே ஒரு டி6 உருட்டுற மாங்க்குக்கு (வெறுங்கையால அடிக்கிற துறவி) அதே கிரிட்ல 2.5 கூடும், அவ்வளவுதான்.

சுந்தர் (டிஎம்): அருண் கேக்குறது கிரிட் சாதாரண அடியை விடக் குறையக் கூடாதுன்னுதானே? அதை மட்டும் சரி பண்ணுவோம். புக்குப்படி டைஸை இரட்டிப்பா உருட்டுங்க. டைஸ் கூட்டல், சாதாரண அடியோட அதிகபட்ச டைஸை விடக் குறைஞ்சா அந்த அதிகபட்சத்தையே எடுத்துக்கோங்க. கிரேட்ஸ்வார்டுக்கு அடித்தளம் 12. சராசரி 14-ல இருந்து 14.6 ஆகும், அவ்வளவுதான் ஏறுது. ஓர்க்குக்குக் குறைஞ்சபட்சம் 15, அந்தக் குறைஞ்சபட்ச அடியில விஸார்டு விழுவாரே தவிர சாக மாட்டார், சாவு வாய்ப்பு புக்குல இருக்கிற அதே 54%தான். ரெண்டு பக்கமும் இதே ரூல்.

அருண்: இது ஓகே அண்ணா 👍

மீனா அக்கா: 👍

நிவேதா: அடுத்து ஃபம்பிள். நாட் 1 விழுந்தா ஆயுதம் கை நழுவுறது, பக்கத்துல நிக்கிற நம்ம ஆளு மேல படுறது. அந்த டேபிள் வச்சிருக்கோமா?

மீனா அக்கா: அது வேணவே வேணாம். ஃபைட்டர் லெவல் 1-ல ஒரு அட்டாக், நாட் 1 விழ 5%. லெவல் 5-ல ரெண்டு, 9.75%. லெவல் 11-ல மூணு, 14.3%. லெவல் 20-ல நாலு, 18.5%. பழகப் பழகக் கத்தி அதிகமா நழுவுற வீரன் எந்த ஊர்ல இருக்கான்? லெவல் 11-ல ஆக்‌ஷன் சர்ஜ் (ஒரே டர்ன்ல இன்னொரு தடவை அடிக்கிறது) போட்டா ஆறு அட்டாக், நாலு டர்னுக்கு ஒரு தடவைக்கு மேலயே வாள் தரையில கிடக்கும். அதே நேரம் ஃபயர்பால் போடுற விஸார்டு டி20-யைத் தொடுறதே இல்ல, எதிரிதான் சேவ் (தப்பிக்கிற ரோல்) உருட்டணும். அவருக்கு ஃபம்பிளே வராது.

சுந்தர் (டிஎம்): ஒத்துக்குறேன் மீனா. நாட் 1 அட்டாக்ல எப்படியும் மிஸ்தான், அந்தத் தண்டனை போதும். எப்படி மிஸ் ஆச்சுன்னு நான் வர்ணிக்கிறேன், ஆட்டத்துல வேற பாதிப்பு கிடையாது.

அருண்: ஸ்கில் செக்ல (திறமையை டி20 உருட்டிச் சோதிக்கிறது) நாட் 20 விழுந்தா ஆட்டோ சக்சஸ் தானே அண்ணா?

சுந்தர் (டிஎம்): புக்குல அது அட்டாக் ரோலுக்கு மட்டும்தான். செக்குக்கும் வச்சா என்ன ஆகும்னா, டிசி (எட்ட வேண்டிய எண்) 25 இரும்புக் கதவு, அஞ்சு பேரும் வரிசையா வந்து உருட்டுவீங்க. அஞ்சுல ஒண்ணாவது நாட் 20 விழ 22.6%. ஸ்ட்ரெங்த் -1 இருக்கிற விஸார்டு கதவை உடைச்சிடுவார், பலசாலி பார்பேரியன் பார்த்துட்டு நிப்பார். அதனால முடியாத காரியத்துக்கு நான் ரோலே கேக்க மாட்டேன். முடிஞ்ச காரியத்துக்கு ஒருத்தர் உருட்டணும், இன்னொருத்தர் ஹெல்ப் பண்ணா அட்வான்டேஜ் (டி20 ரெண்டு உருட்டிப் பெருசை எடுக்கிறது). ஒரு முயற்சிதான். திரும்ப முயற்சிக்க ஏதாவது மாறியிருக்கணும், கடப்பாரை கிடைச்ச மாதிரி.

ஃபாரூக் பாய்: அதே மாதிரி நாட் 1 ஆட்டோ ஃபெயிலும் செக்ல வேணாம். ரோக்குக்கு லெவல் 11-ல ரிலையபிள் டேலண்ட் வருது, நல்லாத் தெரிஞ்ச ஸ்கில்ல 9-ம் அதுக்குக் கீழயும் விழுந்தா 10-னு எடுத்துக்கலாம். நாட் 1 ஃபெயில்னா அந்த ஃபீச்சரோட உயிரையே எடுத்துடுறோம்.

அருண்: ஃபிளாங்கிங்? எதிரிக்கு ரெண்டு பக்கமும் நின்னா அட்வான்டேஜ். டிஎம் கைடுல ஆப்ஷனா இருக்கே, ஹவுஸ் ரூல்கூட இல்ல.

நிவேதா: பார்பேரியன் எடுக்கப் போறவளா நான் வேணாம்னு சொல்றேன். லெவல் 2-ல ரெக்லெஸ் அட்டாக் கிடைக்குது, அட்வான்டேஜ் வாங்கணும்னா என் மேல எல்லாருக்கும் அட்வான்டேஜ் கொடுக்கணும். அதுதான் கிளாஸோட விலை. ஃபிளாங்கிங் அதையே இலவசமாக் கொடுத்துடுது.

மீனா அக்கா: அது மட்டுமா? எதிரியோட அஞ்சு அடி எல்லைக்குள்ளயே சுத்தி வந்தா ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகிப் போறவரை எதிரி இலவசமா அடிக்கிறது) கிடையாது, எல்லையை விட்டு வெளிய போனாத்தான். அதனால பின்பக்கம் போறது ரொம்ப சுலபம். ரெண்டாவது ரவுண்டுல எல்லாரும் நம்ம ஆளு, எதிரி, நம்ம ஆளு, எதிரின்னு ஒரே வரிசையா நிப்போம். காப்ளினுக்கு நிம்பிள் எஸ்கேப் வேற இருக்கு, போனஸ் ஆக்‌ஷன்ல (டர்ன்ல கூடுதலா கிடைக்கிற ஒரு சின்னச் செயல்) டிஸ்எங்கேஜ், அடி வாங்காம விலகிடும். எண்ணிக்கையும் அதுங்களுக்குத்தான் அதிகம். நம்மளை ஃபிளாங்க் பண்றதுதான் அதிகமா நடக்கும்.

ஃபாரூக் பாய்: ஏசி (தற்காப்பு எண்) 16 மேல ஓர்க் +5-ல அடிக்க 11 வேணும், 50%. அட்வான்டேஜ் வந்தா 75%. கிரிட் 5%-ல இருந்து 9.75%. இப்பத்தான் கிரிட்டைப் பத்தி அவ்வளவு பேசினோம்.

அருண்: +2 மட்டும் கொடுத்தா?

சுந்தர் (டிஎம்): +2 பரவாயில்ல, ரெக்லெஸ் அட்டாக் தப்பிச்சிடும். ஆனா எல்லாரும் ஒரே வரிசையில நிக்கிறது போகாது, அதுவும் மேப்ல எட்டுப் பத்து மினியேச்சருக்கு யாரு யாரை ஃபிளாங்க் பண்றான்னு டர்னுக்கு டர்ன் பார்க்கணும். வேணாம் அருண். மேசை மேல ஏர்றது, வெளிச்சத்தை அணைக்கிறதுன்னு இடத்தைப் பயன்படுத்தினா நானே அட்வான்டேஜ் தருவேன்.

நிவேதா: எனக்கு முக்கியமானது ஜீரோ ஹெச்பி. விழுறது, ஹீலிங் வேர்ட் (குணமாக்குற மந்திரம்), எழுறது, திரும்ப விழுறது. இதை நிறுத்தணும்.

ஃபாரூக் பாய்: நான்தான் கிளெரிக் (குணமாக்குற பூசாரி), அதனால ஏன் அப்படி ஆகுதுன்னு சொல்றேன். 5 ஹெச்பி இருக்கும்போது 12 அடி விழுந்தா 7 காணாமப் போயிடுது, மைனஸ் கிடையாதே. அதனால விழுறதுக்கு முன்னாடி ஹீல் பண்றது நஷ்டம், விழுந்தப்புறம் பண்றது லாபம். ஹீலிங் வேர்ட் போனஸ் ஆக்‌ஷன், 60 அடி தூரம், 1டி4+3, சராசரி 5.5. எழுப்பிவிட அது போதும். எழுந்ததும் டெத் சேவ் கணக்கும் பூஜ்யமாகிடும். ரூலே அப்படி ஆடச் சொல்லுது.

அருண்: ஒவ்வொரு தடவை விழும்போதும் ஒரு எக்ஸாஷன் (களைப்பு) லெவல் கொடுத்துடலாம்.

மீனா அக்கா: 2014 எக்ஸாஷன் ரொம்பக் கடுமைடா. முதல் லெவல்லயே எல்லா செக்கும் டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு உருட்டிச் சின்னதை எடுக்கிறது), ரெண்டுல வேகம் பாதி, மூணுல அட்டாக்கும் சேவும் டிஸ்அட்வான்டேஜ். லாங் ரெஸ்ட்டுக்கு (ராத்திரி முழு ஓய்வு) ஒண்ணுதான் குறையும். அடிக்கடி விழுறது முன்னாடி நிக்கிற நிவேதா. மூணு தடவை விழுந்தா அதுக்கப்புறம் விழுறதுதான் வேலையாகும்.

அருண்: 2024 எக்ஸாஷனை எடுத்துக்கலாமே? லெவலுக்கு டி20 மேல -2, வேகம் 5 அடி குறைவு. ஆறாவது லெவல்ல சாவு, அது மட்டும் மாறல.

சுந்தர் (டிஎம்): அது மிதமானதுதான். ஆனா எனக்கு இன்னும் எளிமையா ஒண்ணு தோணுது. எழுந்தாலும் டெத் சேவ் ஃபெயில் அழியாது, ஷார்ட் ரெஸ்ட் (சின்ன ஓய்வு) எடுத்தாத்தான் அழியும். சக்சஸ் மட்டும் அழியும். ஷீட்ல ஏற்கெனவே மூணு வட்டம் இருக்கு, புதுசா எதையும் எண்ண வேண்டாம். அடி வாங்கினவர் எழுந்து முழு பலத்தோட சண்டை போடலாம், ஆனா அடுத்த தடவை விழ பயம் இருக்கும்.

மீனா அக்கா: ஒரு ஓட்டை இருக்கு. விழுந்தவரை அஞ்சு அடிக்குள்ள நின்னு அடிச்சா அது கிரிட், ரெண்டு ஃபெயில். ஏற்கெனவே ஒரு ஃபெயில் இருந்தா ஒரே காப்ளின் ஒரே குத்துல கதையை முடிச்சிடும்.

சுந்தர் (டிஎம்): சரியான கேள்வி. அதனால இதையும் சேர்த்து எழுதிடுறேன்: தன் கண் முன்னாடி யாராவது எழுப்பப்பட்டதைப் பார்த்த, புத்தியுள்ள எதிரி மட்டும்தான் விழுந்தவரை அடிக்கும். ஓநாய், ஸாம்பி எல்லாம் நிக்கிற அடுத்த ஆளைத் தேடிப் போகும்.

நிவேதா: டெத் சேவை ரகசியமா உருட்டலாமா? உருட்டுறவரும் டிஎம்மும் மட்டும் பார்த்தா போதும். ரெண்டு சக்சஸ் இருக்கு, இன்னும் ரெண்டு ரவுண்டு விடலாம்னு மத்தவங்க கணக்குப் போட முடியாது.

ஃபாரூக் பாய்: இது நல்லா இருக்கு. எந்த எண்ணும் மாறல, ஓடி வந்து பார்க்கணும்ங்கிற அவசரம் வந்துடும்.

சுந்தர் (டிஎம்): ரெண்டும் வச்சிக்கலாம். ஆறு செஷன் ஆடிப் பார்ப்போம், சரிவரலைன்னா எடுத்துடுவோம். ஒரு ரூலை நம்பி ஃபீட்டோ (சிறப்புத் திறமை) ஸ்பெல்லோ (மந்திரம்) எடுத்தவங்க, அந்த ரூல் போனா அதை மாத்திக்கலாம்.

அருண்: போஷன் (குணமாக்குற மருந்து)?

சுந்தர் (டிஎம்): நாமளே குடிச்சா போனஸ் ஆக்‌ஷன், 2டி4+2 உருட்டணும். முழு ஆக்‌ஷன் செலவழிச்சா உருட்டாம 10. அடுத்தவர் வாயில ஊத்த முழு ஆக்‌ஷன், உருட்டணும். விலை அதே 50 கோல்டு.

ஃபாரூக் பாய்: போனஸ் ஆக்‌ஷன் ஸ்பெல் ரூல் புக்குப்படியேதானே? ஹீலிங் வேர்ட் போட்ட டர்ன்ல கைடிங் போல்ட் கிடையாது, சேக்ரட் ஃபிளேம் மாதிரி கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத மந்திரம்) மட்டும்.

சுந்தர் (டிஎம்): ஆமா பாய், புக்குப்படியே. சண்டைக்கு நடுவுல சந்தேகம் வந்தா ரெண்டு நிமிஷம் தேடுவோம். கிடைக்கலைன்னா நான் சொல்றது அன்னிக்கு மட்டும் செல்லும், ஆட்டம் முடிஞ்சு புக்கைப் பார்த்து இங்க போடுறேன்.

அருண்: ஸ்டாட்ஸ் (வலு, புத்தி மாதிரி எண்கள்) 4டி6 உருட்டிக் குறைஞ்ச டைஸைத் தள்ளிடலாமா?

மீனா அக்கா: வேணாம்டா. ஒருத்தருக்கு 18-ம் 17-ம் விழும், இன்னொருத்தருக்கு 13-ஐத் தாண்டாது. அந்த வித்தியாசத்தோட கேம்பெயின் முடியுற வரைக்கும் ஆடணும்.

சுந்தர் (டிஎம்): பாயிண்ட் பை (பாயிண்ட் கொடுத்து ஸ்டாட்ஸ் வாங்குறது), 27 பாயிண்ட். கணக்குப் போட சோம்பலா இருந்தா 15, 14, 13, 12, 10, 8-ஐ அப்படியே எடுத்துக்கோங்க. சனிக்கிழமை ராத்திரிக்குள்ள ஷீட்டை இங்க அனுப்புங்க. ரூல் எல்லாத்தையும் ஒரே மெசேஜா எழுதி இப்பவே பின் பண்றேன்.