துளை போடும் முன்பு ஊரோடு எப்படிப் பேசுவது?

பாறைத்தடம்:
வணக்கம். கனிம ஆய்வு நிறுவனம் ஒன்றில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அடுத்து பழங்குடி மக்கள் வாழும் பகுதியில் மண் மாதிரி எடுக்கப் போகிறோம், முடிவு நன்றாக வந்தால் துளையிடுவோம். உரிமம் கையில் இருக்கிறது, அதனால் ரிக் (துளையிடும் இயந்திரம்) போகிற வாரத்தில் ஒரு கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டால் போதும் என்கிறார் மேலாளர். எனக்கு அது சரியாகப் படவில்லை. யாரை முதலில் பார்ப்பது? எங்களுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டால் என்ன சொல்வது?

கூர்மலை:
ரிக் வந்த பிறகு எதற்குக் கூட்டம்? உரிமம் அரசு கொடுத்தது, ஊர் கொடுத்தது அல்ல. ஆஸ்திரேலியாவில் ஜூக்கான் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் புழங்கிய பாறைக் குகைகளை ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் 2020 மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தபோது சட்டப்படி எல்லா அனுமதியும் இருந்தது. அப்புறம் தலைமை நிர்வாகியே பதவி விலக வேண்டியதாயிற்று, ஆனால் குகை திரும்பி வருமா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023-இல் கிட்காலா மக்கள் தொடுத்த வழக்கில், ஆய்வு உரிமம் தருவதற்கு முன்பே அந்த மக்களிடம் அரசு கலந்து பேச வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று 2013-இல் 12 கிராம சபைகளும் ஒரே குரலில் மறுத்தன. உங்கள் மேலாளருக்கு இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

களநடை:
தம்பி, மாதிரி எடுக்கும் முன்பே போங்க. முதலில் ஊர்ப் பெரியவர்கள், ஆனால் அவர்களோடு நிறுத்திவிடக் கூடாது, தண்ணீர் எடுக்கப் போகிற பெண்களுக்குத்தான் காடு நன்றாகத் தெரியும். நான் ஒருமுறை பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்தேன், ஒரு பாட்டி குனிந்து எங்கள் நான்காவது துளைக்குப் பக்கத்தில் விரலை வைத்து "இங்கே கோடையிலும் வற்றாத ஊற்று" என்றார். எங்கள் படத்தில் அது இல்லவே இல்லை. துளையை மேட்டுக்கு மாற்றினோம், ரிக்குக்கான தண்ணீரையும் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்தோம். வேலை பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்க: ஆய்வு நடக்கும் இடங்களில் பெரும்பாலானவை சுரங்கமாவதே இல்லை, இப்போது இருப்பது சில மாத வேலைதான். அவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம், அதைக் கேட்டுக்கொள்ளும் மனதோடு போக வேண்டும்.

ஊர்க்குரல்:
நான் மறுபக்கத்து ஆள். எங்கள் மலைக்கும் ஆய்வுக்கு வந்தார்கள், மரங்களில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள், ஒரு நாள் காணாமல் போய்விட்டார்கள். என்ன கிடைத்தது, திரும்ப வருவார்களா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை, ரிப்பன் மட்டும் வெளுத்துப்போய்த் தொங்குகிறது. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் வந்து சொல்லுங்கள். துளையை மூடிவிட்டதைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பாறைத்தடம்:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் எங்கள் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன், அதில் ஒரு ஊற்றுகூடக் குறிக்கவில்லை. நாளை காலை மேலாளரிடம் அதைத்தான் முதலில் காட்டப்போகிறேன்.