மடிக்கிற போனைத் தாண்டி வளையும் கண்ணாடிக்குச் சந்தை உண்டா?

கோந்துக்காரன்:
வணக்கம். ஒட்டுப் படலம் தயாரிக்கிற ஒரு சின்ன கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். வளையும் கண்ணாடிக்கென்றே தனியாக ஒரு படலம் போடலாமா, அஞ்சு வருஷத்தில் சந்தை எவ்வளவு வரும் என்று எம்.டி. கேட்கிறார். மூன்று ஆய்வறிக்கைகளின் இலவசச் சுருக்கத்தைப் படித்தேன். மூன்றிலும் மூன்று தொகை, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எதை நம்பி அவர் முன்னால் போய் நிற்பது? கண்ணாடித் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

ஓரக்கண்:
தொகையை விடுங்க தம்பி. எதை எண்ணியிருக்காங்கன்னு பாருங்க. 100 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுருளையும் போனுக்கான 30 மைக்ரான் மடிப்புத் தாளையும் ஒரே கூடையில் போட்டா எந்தத் தொகை வேணும்னாலும் வரும்.

2012-இல் கார்னிங் கம்பெனி 'வில்லோ'ங்கிற சுருட்டற கண்ணாடியைக் காட்டினப்போ, இனி திரையையே செய்தித்தாள் மாதிரி உருளையில் ஓட்டி அச்சடிக்கலாம்னு எல்லாரும் பேசினோம். நானும்தான். நடக்கலை. மடிகிற ஓஎல்இடி திரைக்கு அடித்தளமா பாலிஇமைடுங்கிற சூடு தாங்குற பிளாஸ்டிக் உட்கார்ந்துடுச்சு. கெட்டிக் கண்ணாடி மேல அதைத் திரவமா பூசி, சுட்டு, வேலை முடிஞ்சதும் லேசரால உரிச்சு எடுத்துடறாங்க. நம்ம கண்ணாடிக்குக் கிடைச்சது மேல்மூடி வேலை மட்டும். அதுவும் 2019-இல் வந்த சாம்சங்கோட மடிக்கிற போன் கேலக்ஸி ஃபோல்டில் பிளாஸ்டிக்தான் இருந்தது. 2020 பிப்ரவரியில் இசட் ஃப்ளிப் வந்தப்போதான் கண்ணாடி உள்ளே நுழைஞ்சது. அதுக்கும் மேல ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். நகம் கீறுறது அந்தப் படலத்தைத்தான். கண்ணாடின்னு சொல்லி ஏமாத்திட்டான்னு திட்டுறவங்களுக்கு இது தெரியாது.

சின்ன கணக்கு ஒண்ணு. தடிமனை ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தா, வெளிப்பக்கம் எவ்வளவு இழுபடுதுன்னு தெரியும். 30 மைக்ரான் தாளை 1.5 மி.மீ. ஆரத்துக்கு மடிச்சா 1 சதவீதம். கண்ணாடியின் விறைப்பு சுமார் 70 கிகாபாஸ்கல், ஆக 700 மெகாபாஸ்கல் இழுவிசை. சாதாரணக் கண்ணாடி இதில் பத்தில் ஒரு பங்கைத் தாங்கினா பெரிசு. அதனாலதான் உருகின பொட்டாசியம் நைட்ரேட்டில் முக்கி, சோடியம் இருந்த இடத்தில் பொட்டாசியத்தைத் திணிச்சு மேற்பரப்பை இறுக்குறாங்க.

ஆனா தாள் உடையறது நடுவில் இல்லை, ஓரத்தில். நாலு வருஷம் ஓரம் பார்க்கிற வேலையில் இருந்தேன், பேரே அதான். ரெண்டு தட்டுக்கு நடுவில் தாளை வளைச்சு நிறுத்தி மெல்ல நெருக்குவோம். 'டிக்'னு ஒரு சத்தம், தட்டில் மணல் மாதிரி தூள் கிடக்கும். பெரிய துண்டாத் தேடிப் பொறுக்கி மைக்ராஸ்கோப்பில் வச்சா, விரிசல் கிளம்பின இடம் பெரும்பாலும் வெட்டின ஓரத்தில் சில்லு பெயர்ந்த ஒரு சின்னக் குழியா இருக்கும். ஒரு தடவை ஒரு வாரம் முழுக்க யீல்டு, அதாவது நூத்துக்கு எத்தனை தாள் நல்லதா தேறுதுங்கிறது, சரிஞ்சது. அமிலத் தொட்டியைக் கழுவினாங்க, லேசரை மாத்தினாங்க, ராத்திரி ஷிஃப்ட் பையன்களைத் திட்டினாங்க. கடைசியில் பார்த்தா, தாளுக்குத் தாள் நடுவில் வைக்கிற இடைத்தாளில் தூசி.

அதனால என் கணிப்பு இதுதான். வருஷத்துக்கு சுமார் 120 கோடி ஸ்மார்ட்போன் விக்குது, அதில் மடிக்கிறது நூத்துக்கு ரெண்டு கூட இல்லை. கண்ணாடித் தேவை அந்த ரெண்டோட சேர்ந்துதான் ஏறும், இறங்கும். லாபம் கண்ணாடியை உருக்கித் தாளா இழுக்கிறவனைவிட, அதை வெட்டி, ஓரம் மெருகேத்தி, யீல்டைக் காப்பாத்துறவன் கையில்தான் நிக்கும்.

ஈரப்பதம்:
ஓரக்கண் சொல்வதில் பாதிதான் ஒப்புவேன். போனையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி? பெரோவ்ஸ்கைட் என்கிற புதுவகைப் படிகத்தால் செய்கிற சூரியத் தகடுக்கு ஈரம் எமன். பிளாஸ்டிக்கில் எத்தனை அடுக்குத் தடுப்புப் பூச்சு போட்டாலும் நீராவி எங்காவது வழி கண்டுபிடிக்கும். கண்ணாடிக்குள் நுழையாது. எடை குறைந்த, வளைகிற தகடு வேண்டுமென்றால் மெல்லிய கண்ணாடியிடம்தான் வர வேண்டும். அப்புறம் சிப் பேக்கேஜிங், அதாவது சிப்பை ஒரு அடித்தளத்தில் பொருத்தி மூடுகிற வேலை. 2023 செப்டம்பரில் இன்டெல் கண்ணாடி அடித்தளத்தை அறிவித்ததே?

ஓரக்கண்:
சூரியத் தகடு சரி, ஆனா அங்கே சதுர மீட்டர் கணக்கில் மலிவா கேப்பான். நம்ம யீல்டுக்குக் கட்டாது, இப்போதைக்கு. இன்டெல் சொன்னது விறைப்பான கண்ணாடி. சூட்டில் நெளியாம இருக்கணும்னுதான் அதைத் தேடிப் போனாங்க. அதையும் 'வளையும்' கணக்கில் கோத்துட்டா வரைபடம் அழகா மேலே போகும்.

கோந்துக்காரன்:
நன்றி சார். அப்போ எங்களுக்கு வேலையே இல்லையா?

ஓரக்கண்:
உங்களுக்குத்தான் வேலை இருக்கு. மடிக்கும்போது அடுக்குகள் புத்தகப் பக்கம் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு நழுவணும். நழுவ விடுறது நடுவில் இருக்கிற ஒட்டுப் படலம். அது விறைச்சா பாரம் முழுக்கக் கண்ணாடி மேல ஏறும். ரொம்ப இளகினா மடிப்பில் பிதுங்கும், கோடு நிக்கும். அறைச் சூட்டில் எல்லார் படலமும் பாஸ்தான். −20 டிகிரியில் மடிச்சுப் பாருங்க, அங்கே ஜெயிச்சா எம்.டி. முன்னால் தைரியமா நில்லுங்க.

கோந்துக்காரன்:
எங்களிடம் குளிர் அறை இருக்கிறது, மடிக்கிற இயந்திரம் இல்லை. முதலில் அதைக் கேட்டு வாங்குகிறேன்.

ஓரக்கண்:
வாங்குங்க. சோதனைக்குத் தாள் வந்ததும் ஓரத்தில் மட்டும் விரல் வைக்காதீங்க.