ஐந்தாம் முறை எடை எவ்வளவு?

குடுவைக்காரர்:
பல்லினவளையச் சேர்மத் (வளையத்தில் கார்பனோடு நைட்ரஜன் போன்ற வேறு அணுவும் உள்ளது) தயாரிப்பில் அயனித் திரவம் (தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகி நிற்கும் உப்பு) வெறும் நாகரிகம் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்ததைப் படித்து எரிச்சல்தான் வந்தது. பென்சால்டிஹைடு, எத்தில் அசிட்டோஅசிட்டேட், யூரியா மூன்றையும் சல்ஃபோனிக் அமிலத் தொகுதி கொண்ட இமிடசோலியம் ஹைட்ரஜன்சல்ஃபேட் என்ற அயனித் திரவத்தை வினையூக்கியாகச் சேர்த்து, வேறு கரைப்பானே இல்லாமல், 80 டிகிரியில் கலக்கினால் அரை மணியில் குடுவையில் இருப்பது இறுகிவிடுகிறது. பனிக்கட்டி நீரில் கொட்டி வடித்தால் விளைபொருளான டைஹைட்ரோபிரிமிடினோன் வளையம் வடிதாளில் நிற்கிறது. வடிநீரை ரோட்டாவில் (சுழல் ஆவியாக்கி) வற்றவைத்தால் வினையூக்கி திரும்பக் கிடைக்கிறது, முழு மறுசுழற்சி. முதல் முறை விளைச்சல் 94 விழுக்காடு, ஐந்தாம் முறை 89. இதற்கு மேல் என்ன பசுமை வேண்டும்?

பழையபிப்பெட்:
அந்த ஒருவர் நான்தான். ஐந்தாம் முறை மீட்ட திரவத்தின் எடை எவ்வளவு? விளைச்சலை நான் கேட்கவில்லை. முறைக்கு 5 விழுக்காடு சுவரிலும் தாளிலும் ஒட்டிப்போனால்கூட, ஐந்து மீட்புக்குப் பின் 77 விழுக்காடுதான் மிஞ்சும். வினை முற்றிலும் முடிந்தபின் அளந்தால் வினையூக்கி குறைந்திருப்பது தெரியவே தெரியாது. பத்தாம் நிமிடத்தில் நிறுத்தி அளந்தால்தான் சாயம் வெளுக்கும்.

தேன்கூடு:
ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் அயனித் திரவம் நீரில் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு தரும் என்பது 2003இலேயே வெளிவந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே?

குடுவைக்காரர்:
என் திரவத்தின் எதிரயனி (உப்பின் எதிர்மின் பாதி) ஹைட்ரஜன்சல்ஃபேட், ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் அல்ல என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுப் பேசுங்கள். பிஏஎஸ்எஃப் நிறுவனம் 2002 முதல் ஆலையிலேயே அயனித் திரவத்தைக் கையாள்கிறது. அவர்களும் நாகரிகத்துக்காகவா செய்கிறார்கள்?

பழையபிப்பெட்:
அங்கே பாஸ்பீன் (ஒரு வகைப் பாஸ்பரஸ் சேர்மம்) தயாரிப்பில் வெளிப்படும் அமிலத்தை மெத்தில் இமிடசோல் பிடித்துக்கொள்ள, உண்டாகும் உப்பு உருகிய நிலையில் தனி அடுக்காகத் தானே பிரிகிறது. நீங்களோ 100 மில்லி நீரை விரட்ட ஏறத்தாழ 230 கிலோஜூல் செலவழிக்கிறீர்கள். உங்கள் திரவத்தில் அந்தச் சல்ஃபோனிக் அமிலத் தொகுதியை ஒட்டவைக்க உதவிய புரொப்பேன் சல்டோன், மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2ஏ பிரிவில் வைத்த பொருள். 1893இல் இத்தாலிய வேதியியலர் பிகினெல்லி எத்தனாலும் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொண்டு இதே வளையத்தை ஆக்கினார். அதெல்லாம் இருக்கட்டும், எடை எவ்வளவு?

நெடுங்குழல்:
திரவத்தைக் கழுவி மறுபடியும் ஊற்றுவது மறுபயன்பாடு. மறுசுழற்சி என்று எழுதுவதே தவறு.

குடுவைக்காரர்:
சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் வினை நடத்தி அதை நுண்ணலைத் தொகுப்பு என்று போன மாதம் பெருமையடித்தவர் எனக்குச் சொல் கற்பிக்க வேண்டாம். பழையபிப்பெட் அவர்களே, எடைதானே வேண்டும்? நேற்றிரவு நிறுத்தேன். குறையவே இல்லை, தொடக்க எடையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

பழையபிப்பெட்:
கூடியிருக்கிறதா? நன்றி ஐயா, நான் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். யூரியாவை ஒன்றரை மடங்கு போடுகிறீர்கள் அல்லவா? வினைபுரியாத யூரியா வடிநீரோடுதானே போகும்? நீங்கள் நிறுத்தது திரவத்தையா, யூரியாவையா?

குடுவைக்காரர்:
மீட்ட திரவத்தைக் கனநீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள நீர்) கரைத்து, ஹைட்ரஜன்களைக் காட்டும் புரோட்டான் என்எம்ஆர் நிறமாலை எடுத்துப் பார்த்தேன். யூரியாவின் தடயமே இல்லை.

பழையபிப்பெட்:
கனநீரில் யூரியாவின் ஹைட்ரஜன்கள் டியூட்டீரியத்துக்கு இடம்கொடுத்து நீரின் உச்சியோடு கலந்துவிடும், தேடினாலும் கிடைக்காது. கார்பன் நிறமாலை எடுங்கள். 163 பிபிஎம் பக்கம் யூரியாவின் கோடு ஒன்று நிற்கும். அந்த யூரியாவைக் கழித்துவிட்டு எடையைச் சொல்லுங்கள்.

நெடுங்குழல்:
அந்த அடுப்பில் வெப்பநிலைமானி பொருத்தியிருந்தேன் என்பதை மறைத்தது ஏன்?

குடுவைக்காரர்:
நிறமாலைக் கருவிக்கு வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு பேர் நிற்கிறார்கள். அதற்குள் ஆறாம் முறை முடிந்துவிடும், விளைச்சலை எழுதுகிறேன்.

பழையபிப்பெட்:
விளைச்சல் வேண்டாம்.