பழைய ஃபோர் வீல் டிரைவ்: முன் ஆக்சிலைப் பார்த்து வாங்கிய அனுபவம்

தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து:

எங்கள் காப்பித் தோட்டத்துக்கு ஏறும் மண் பாதை ஐப்பசி மழையில் சேறாகிவிடும். சாதாரணக் கார் பாதி வழியிலேயே வழுக்கி நின்றுவிடும். அதனால் நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசையைக் கொடுக்க முடிகிற (அதுதான் ஃபோர் வீல் டிரைவ்) பழைய மாருதி ஜிப்ஸி ஒன்று தேட ஆரம்பித்தேன். 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், எடை சுமார் ஒரு டன்தான், நான்கு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங். மாருதி இதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் ராணுவமும் போலீசும் காலம் காலமாக ஓட்டிய வண்டி என்பதால் உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது.

கோவையில் பார்த்த வண்டி பார்வைக்கு அருமை. புது பெயிண்ட், அகல டயர், கூரையில் வரிசையாக விளக்கு. "ஃபோர் வீல் போட்டதே இல்லைங்க, அப்படியே புதுசா இருக்கு" என்றார் விற்பவர். கூட வந்த மெக்கானிக் அண்ணன் பதில் பேசாமல் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். முன்சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளில் கிரீஸ் வழிந்து கட்டியாகியிருந்தது. காலி மனையில் மண்மேல் நிறுத்தி ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போடப் பார்த்தோம், லிவர் அசையவே இல்லை. வருடக்கணக்கில் சுற்றாத முன் ஆக்சிலில் (முன்சக்கர அச்சில்) எண்ணெய் பரவாது, சீல் காய்ந்துவிடும், லிவர் இணைப்புகள் துருப்பிடிக்கும். வேலை செய்த முன் ஆக்சிலைவிடச் சும்மா கிடந்த முன் ஆக்சில்தான் அதிகம் செலவு வைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வண்டி. கதவெல்லாம் நசுங்கல், பெயிண்ட் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் ஃபோர் ஹை, ஃபோர் லோ (வேகம் குறைவு, இழுவை அதிகம்) இரண்டும் சுலபமாக விழுந்தன. டிஃபரன்ஷியல் (திரும்பும்போது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரப் பெட்டி) பிளக்கைத் திறந்து எண்ணெயைத் தொட்டுப் பார்த்தோம். தண்ணீர் புகுந்திருந்தால் பால் காப்பி நிறத்தில் இருக்கும், இது சுத்தமாக இருந்தது. ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் திருகியபோது அதன் கிராஸ் மூட்டில் ஆட்டம் இல்லை. நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். செங்குத்தான இறக்கத்தில் ஃபோர் லோவில் முதல் கியர் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். எஞ்சின் பிடிப்பிலேயே மெதுவாக இறங்கியது. அன்றைக்கே முன்பணம் கொடுத்தாயிற்று.

தார் ரோட்டில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஜிப்ஸியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் போகும், சேறோ மண்ணோ என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லாததால் முறுக்கம் முழுவதும் கியரிலும் ஷாஃப்டிலும் ஏறும்.

காகிதத்தில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தாக வேண்டும். கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35-ம் வேண்டும். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்சியோடு நேரில் ஒப்பிடுங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம், அதற்குப் பின் சோதனைக்குக் காட்டி 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கண்டபடி மாற்றிய வண்டி அங்கேதான் மாட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைக் காட்டி 2019-ல் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

வைத்திருப்பதில் சுகமும் உண்டு, சிரமமும் உண்டு. பின்னால் பக்கவாட்டு இருக்கை, குலுக்கல் தாங்காமல் அம்மா முன்னால்தான் உட்காருவார். பெட்ரோல் நன்றாகவே குடிக்கும். மழை இல்லாத மாதத்திலும் ஒருமுறையாவது தோட்டத்து மண்ணில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுகிறேன். ஓடையில் இறங்கி வந்தால் ஆக்சில் எண்ணெயைப் பார்க்காமல் விடுவதில்லை.

கம்பத்திலிருந்து:

தாண்டிக்குடி அண்ணன் சொன்னது சரி. எங்கள் ஊரிலிருந்து கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகும் மகிந்திரா ஜீப்புகள் ஏராளம். அதில் ஒன்றை விலை பேசினேன். உள்ளே இரண்டாவது லிவர் இருந்தது, 'ஃபோர் வீல்' என்று விலையும் ஏற்றிச் சொன்னார்கள். குனிந்து பார்த்தால் முன்பக்க ஷாஃப்டையே கழற்றி வைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, சத்தம் வந்ததாம், எடுத்துவிட்டார்களாம். லிவரை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். பார்க்கப் போகும்போதே மண் தரை உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.